ஹர்த்தால் நாளில் கேட்ட மாத்திரை

எங்கள் பகுதியில் ஹர்த்தால் என்பது மீன் வாங்கும் நாள். தலைநகரில் ஏதோ ஒரு கட்சி ஏதோ ஒரு காரணத்துக்காக மாநிலம் முழுவதும் கடையடைப்பு அறிவிக்கும். மறுநாள் காலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்திருக்காது, பேருந்து ஓடாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் கேரளம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு சிறிய பாலம், அதையொட்டி ஒரு ரப்பர் தோட்டம், அதற்கப்பால் தமிழ்நாடு. அங்கே சந்தை வழக்கம்போல நடக்கும். ஆகவே ஹர்த்தால் அறிவித்த காலையில் எங்கள் ஊரே பையும் கையுமாக எல்லையைத் தாண்டும். அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கல்யாணத்துக்கு வாழையிலை, எது வேண்டுமானாலும் அந்தப் பக்கம் போனால் கிடைக்கும் என்பது எங்களுக்குக் கேள்விக்கு இடமில்லாத ஒன்று. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நான் சொல்லப்போகும் அந்த ஒரு ஹர்த்தால் நாள் வரைக்கும்.

அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். இளையது இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. பாறசாலைக்குக் கிழக்கே உள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். அந்த நாட்களை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அவர் கொண்டுவரும் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுவதும் பரவும் சோப்பு மணம்தான். அதற்கடுத்தபடியாக நினைவுக்கு வருவது அவர் திரும்பிப் போகும் நாளின் அமைதி. இளைய பிள்ளையின் பேற்றின்போது எனக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் பிரசவம் பார்த்த பெண் மருத்துவர், நான் பிழைத்ததைத் தம் கைத்திறன் என்று சொல்லிக்கொள்ளாத நேர்மையுள்ளவர், வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொன்னார்: இன்னொரு கர்ப்பத்தை இந்த உடம்பு தாங்காது. கருத்தடை அறுவையை, அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கவனமாக இருக்க வேண்டும்.

நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். ஆயினும் அவர் புறப்படுவதற்கு முந்திய இரவில் ஆணுறை கிழிந்துபோயிற்று. மறுநாள் முழுவதும் வீடு நிறைய உறவினர். பெட்டி கட்டுவதும் விமான நிலையத்துக்கு வண்டி சொல்வதுமாகக் கழிந்தது. அடுத்த நாள் ஞாயிறு. பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல். திங்களன்று பள்ளி முடிந்ததும் நெய்யாற்றின்கரைக்குப் போய் கரு உண்டாகாமல் தடுக்கும் அந்த மாத்திரையை வாங்கிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மூன்று நாளுக்குள் விழுங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பதைத் தொலைக்காட்சி விளம்பரமே அப்போது மணிக்கொருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலைச் செய்தியில் ஹர்த்தால் அறிவித்தார்கள்.

எங்கள் சந்திப்பில் ஒரு மருந்துக்கடை உண்டு. ஹர்த்தாலிலிருந்து பாலுக்கும் பத்திரிகைக்கும் மருந்துக்கும் விலக்கு. ஆகவே அந்தக் கடையின் இரும்புக் கதவு அன்றும் பாதி உயர்ந்து நிற்கும். அங்கே நான் போகாமல் எல்லையைத் தாண்டியதற்குக் காரணம், அந்தக் கடையை நடத்திய அக்காவை எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்பதுதான்.

அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பழைய மிஷன் சபையொன்றின் பாடகர் குழுவில் ஆண் குரலோ என்று ஐயுறும்படியான ஆழ்ந்த குரலில் பாடுவார். முறைப்படி மருந்தியல் படித்தவர். அந்த வட்டாரத்தில் வேறெவரும் அணியாத வெள்ளைக் கோட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்து, நாள்தோறும் அணிந்தார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட மூலை எப்போதும் கடைசியில் எஞ்சும்படி எதிர்ப்புறத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். எழுத்தறியாதவர்களுக்குக் காகித உறையின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுப்பார். அவருடைய சூரியனுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அதை வரையாமல் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

பள்ளி விட்டதும் நான் பேருந்திலிருந்து இறங்கி நேரே அந்தக் கடைக்குத்தான் போவேன். எனக்கென்று ஒரு முக்காலியை உள்ளே இழுத்துப் போடுவார். நான் தமிழ் வார இதழ்களைக் கொடுப்பேன். அவர் மலையாளத் தொடர்கதை வரும் இதழ்களைக் கொடுப்பார். கதாநாயகியின் கணவன் இந்த வாரமும் திரும்பி வரவில்லை என்று இருவரும் சேர்ந்து வருந்துவோம். என் வாழ்க்கையில் நான் வாசித்தவற்றில் பெரும்பகுதி அந்த முக்காலியில் இருந்து வாசித்ததே. இன்று அந்த இடத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. அக்கா மகனோடு பெங்களூரில் இருக்கிறார். மருந்து கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. வசதிதான். ஆனால் வாசலுக்கு வருகிறவன் என் முகத்தைப் பார்த்து, "நேத்து ஒறங்கல்லியா மக்கா?" என்று கேட்பதில்லை.

அந்த ஒரு மாத்திரையை மட்டும் அக்கா விற்கமாட்டார். அது ஊரறிந்த செய்தி. யாராவது வந்து தாழ்ந்த குரலில் கேட்டால், முகத்தைச் சுளிக்காமல், போதனை செய்யாமல், "நான் அது விக்கதில்ல மக்கா. பாறசாலையில கிட்டும்" என்று மட்டும் சொல்வார். கேட்டவர் அடுத்த பேருந்தில் ஏறிப் போவார். நான்கூட அவரைக் கேலி செய்ததுண்டு: "டிவியில அந்த விளம்பரம் வந்தா என்ன செய்வீங்க அக்கா?" "சத்தத்தக் குறைப்பேன்" என்பார். அவருடைய மனச்சாட்சியை அந்த நாட்களில் எவரும் ஒரு பாரமாக உணரவில்லை. பேருந்து ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று பேருந்து இல்லை, பாறசாலைச் சாலையில் வண்டிகளை மறிப்பார்கள். ஆக, திங்கள் காலையில் என் மைனியின் ஸ்கூட்டரில் எல்லையைத் தாண்டினேன். மைனி என் அண்ணன் மனைவி. அடுத்த வளவில்தான் வீடு. வாய் ஓயாதவர், மனம் குளிர்ந்தவர். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மீன் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம். அவரிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சந்தையில் அவர் வாளை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது நான் மெல்ல நழுவி முதல் மருந்துக்கடைக்குள் போனேன்.

கடைக்காரர் நான் கேட்டதும் மின்விசிறியைப் பார்த்தார். "அதெல்லாம் வாறதில்ல" என்றார். எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்க, வெறுங்கையோடு திரும்பக் கூச்சமாக இருந்ததால் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். இரண்டாவது கடையில் இருந்த பெண், உள்ளே இருந்த முதலாளியிடம் என் தேவையை உரக்க விளம்பினாள். அவர் தலையை மட்டும் நீட்டி, "டாக்டர் சீட்டு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இருந்தாலும் இல்ல" என்றார். அங்கே நெஞ்செரிச்சல் மருந்து வாங்கினேன். மூன்றாவது கடையில் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையசைத்துவிட்டார்கள். இருமல் மருந்தோடு வெளியே வந்தேன்.

அந்தப் பக்கத்துக் கடைகள் அந்த மாத்திரையைப் பெரும்பாலும் வைப்பதில்லை என்பதும், அங்குள்ள பெண்கள் அதற்காக எங்கள் பக்கத்துக்கு வருவார்கள் என்பதும் பின்னால் என் பள்ளியில் பணியாற்றிய ஓர் ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் ஓடிப் பழகிய நான், எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கே உரிய தவறு அது.

மைனி என் பையை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, மருந்துக்கடை போடப் போறியா?"

"சும்மா, வீட்டுல இருக்கட்டும்னு."

"மூணு கடையில மூணு மருந்தா? உனக்க மொகத்தப் பாத்தா வேற என்னமோ கேட்டுக் கிட்டாம வந்த மாதிரியில்லா இருக்கு."

அந்த மீன் சந்தையின் ஈரத்தில் நின்றபடியே அவரிடம் சொன்னேன். மைனி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்த நேரங்கள் மிகக் குறைவு என்பதால் எனக்குப் பயம் கூடியது.

"உனக்க மாப்பிள்ள அங்க ஏசி ரூமுல சொகமாட்டு ஒறங்குவாரு. நீ இஞ்ச இருமல் மருந்து வாங்கிட்டு நடக்க" என்றார். பிறகு, "நம்ம அக்காகிட்டப் போய்க் கேளு."

"தரமாட்டாவ மைனி."

"தரமாட்டாவதான். அது எனக்குந் தெரியும். ஆனா பறஞ்சு பாரு. பறயாம இருந்தா நாளைக்கு நீ கெடந்தா நான் அவளுக்க மூஞ்சியில முழிக்க மாட்டேன், உனக்க மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன். பிள்ளைகள நான் பாத்துக்கிடுறேன். மீனையும் பாத்துக்கிடுறேன்."

என்னைச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போனார். நான் குனிந்து பாதிக் கதவுக்குள் நுழைந்தேன். வெளிவெயிலுக்குப் பிறகு கடைக்குள் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. அக்கா கணக்கற்ற டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா. ஸ்கூல் இல்லாத்ததுனால ராணியாட்டம் வாறியே. இரி."

நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் நுனியால் துடைத்தார். எப்போது நடந்தது, காலையில் அழுத்த மாத்திரை விழுங்கினேனா, தலைவலி உண்டா என்று தொழில்முறையில் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு பத்திரிகையை மடித்து வைத்தார்.

"உண்டு" என்றார் கடைசியில். "உனக்கிட்ட பொய் பறய மாட்டேன். அந்தா, அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணு கெடக்கு. நான் கேட்டு வாங்கினது இல்ல. மொத்தக் கடைக்காரன் வேற மருந்தோட சேத்து அனுப்பிப்போட்டான். திருப்பி அனுப்ப வச்சிருக்கேன்."

அவர் காட்டிய அட்டைப்பெட்டி என் காலடியில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடைகளின் மூன்று 'இல்லை'களைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு இந்த 'உண்டு' எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதையும், அடுத்த வாக்கியம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதையும் இப்போதும் ஒரே நினைவாகத்தான் வைத்திருக்கிறேன்.

"தாங்க அக்கா."

"என்னால முடியாது மக்கா."

"அது உண்டானதக் கலைக்கது இல்ல. உண்டாகாம தடுக்கதாக்கும். நான் படிச்சிருக்கேன்."

"நானும் படிச்சதாக்கும். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா உள்ள இப்போ என்ன நடந்திருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்துல எனக்க கை போவாது."

"அப்போ நானே எடுத்துக்கிடுறேன். நீங்க அங்கோட்டு திரும்பி நில்லுங்க."

"நான் திரும்பினா ஆண்டவரும் திரும்பி நிப்பாரோ?"

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அன்று அந்த வாக்கியம் எங்களுக்கு நடுவே சிரிப்பின்றி நின்றது. குனிந்து பெட்டியைத் திறந்து எடுத்திருக்கலாம் அல்லவா என்று இதைக் கேட்ட சிலர் பின்னால் என்னிடம் கேட்டதுண்டு. எடுத்திருக்கலாம். அவர் தடுத்திருக்கவும் மாட்டார். ஆனால் அவருடைய கடையில், அவர் பார்த்திருக்க, அவர் தரமறுத்ததை நான் எடுப்பது அவரை அவமதிப்பதாக எனக்குத் தோன்றியது. அதே சமயம் எனக்குக் கோபமும் வந்தது. என் உயிரைப் பற்றிய பேச்சில் அவருடைய கையின் தூய்மை எப்படி இத்தனை பெரிதாயிற்று என்ற கோபம்.

"இன்னொரு மட்டம் அப்படி வந்தா எனக்க பிள்ளைகளுக்கு அம்மை இருக்க மாட்டா அக்கா" என்றேன். "டாக்டர் எழுதின மருந்தெல்லாம் நீங்கதானே எடுத்துத் தந்தீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொலைபேசியை எடுத்து, எண்ணை எங்கும் பார்க்காமல் அழுத்தினார். மறுமுனையில் என் மருத்துவர். அக்கா மலையாளத்தில் என் பெயரைச் சொன்னார், அழுத்தத்தின் அளவைச் சொன்னார், என்ன நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார். "எனிக்கு கொடுக்கான் பற்றில்ல டாக்டர்" என்று, தம்மால் தர முடியாது என்பதையும் சொன்னார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மருத்துவர் சுருக்கமாகப் பேசினார். மாத்திரை தம்மிடம் இருப்பதாகவும், வீட்டுக்கு வந்தால் தருவதாகவும், நேரத்தைக் கடத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

"எப்படிப் போவேன்?" என்று நான் கேட்டபோது அக்கா ஒரு குளுக்கோஸ் பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டிருந்தார். தடித்த பேனாவால் அதில் 'ஆஸ்பத்திரி' என்று மலையாளத்தில் பெரிதாகவும், அதன்கீழே தமிழில் சிறிதாகவும் எழுதினார். அதைத் தம் ஸ்கூட்டரின் முகப்பில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டினார். ஹர்த்தால் நாளில் வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படி எழுதி ஒட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கடை?" என்றேன். எந்த ஹர்த்தாலுக்கும் அவர் அடைக்காத கடை அது.

"இன்சுலின்காரங்க எல்லாம் காலையிலயே வாங்கிட்டுப் போயாச்சு. வேற யாரும் வந்தா திண்டாடுவாவ. தெரியும். ஏறு."

இரும்புக் கதவை முழுவதுமாக இறக்கினார். வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை.

ஆளற்ற சாலையில் போவது ஒரு கனவைப் போலிருந்தது. இருபுறமும் ரப்பர் மரங்கள். பேருந்து நிறுத்தங்களில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன. ஒரு வளைவில் பிள்ளைகள் நடுச்சாலையில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, என்னைக் கொண்டுபோய் விடுறதும் நீங்க எடுத்துத் தாறதும் ஒண்ணுதானே?"

 ஒரு ஏற்றத்தைக் கடந்த பிறகு, தலையைத் திருப்பாமல், காற்றில் உரக்கச் சொன்னார்.

"ஒண்ணா இருக்கலாம். எனக்குத் தெரியல்ல. உன்னை அங்க கடையில இருத்திட்டு எனக்கு ராத்திரி ஜெபிக்க முடியாது. அதை எடுத்துத் தந்துட்டும் ஜெபிக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இந்த ஸ்கூட்டர் மட்டுந்தான் உண்டு."

நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால் ஒரு சந்திப்பில் கல்லும் மரக்கிளையும் போட்டுச் சாலையை மறித்திருந்தார்கள். கொடி பிடித்த இளைஞர்கள் நாலைந்து பேர். ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டும் கையை நீட்டி நிறுத்தினான்.

"ஆர்க்கா சேச்சி சுகமில்லாத்தே?"

"இவளுக்கு" என்றார் அக்கா.

"கண்டால் ஒண்ணும் தோணுந்நில்லல்லோ. எந்தா அசுகம்?" பார்த்தால் நோயாளியாகத் தெரியவில்லையே என்று அவனுக்கு ஐயம்.

அக்கா பொய் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். 

"பெண்ணுங்களுக்க காரியம்" என்றார் அவர் தமிழில், தம் பாட்டுக் குரலில், சந்திப்பு முழுவதும் கேட்கும்படியாக. "விளக்கமாட்டுப் பறயணுமா?"

கொடிகள் சற்றுத் தாழ்ந்தன. "வேண்டா, வேண்டா" என்று ஒருவன் மரக்கிளையை இழுத்து விலக்கினான். இன்னொருவன், "அம்மைக்க பிரஷர் மருந்து இவங்களாக்கும் தாறது, எலே, வழி விடு" என்று பின்னாலிருந்து சொன்னான். வண்டி நகர்ந்ததும் அக்காவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தபோது நானும் சிரித்துவிட்டேன். அந்தக் காலையில் முதன்முறையாக மூச்சு விட்டேன் என்றும் சொல்லலாம்.

மருத்துவரின் வீட்டு வாசலில் அக்கா வண்டியை ஒரு பலா மரத்தின் கீழ் நிறுத்தினார். உள்ளே வரவில்லை. மருத்துவர் என் அழுத்தத்தை அளந்தார். மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்தார். நான் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார். மூன்று நாட்களாக நெஞ்சில் கிடந்த கனத்தோடு ஒப்பிட்டால் அந்த மாத்திரை எத்தனை சிறியது என்ற வியப்பே எனக்கு மேலோங்கியிருந்தது. வெளியே வந்தபோது அக்கா மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "ஆச்சா?" என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறு" என்றார்.

திரும்பும் வழியில், வெறும் வயிறும் வெயிலும் சேர்ந்து எனக்குக் குமட்டத் தொடங்கியது. ஊர் வந்து சேர்வதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆனால் வாந்தி வரவில்லை. கடையைத் திறந்து என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, அக்கா ஒரு இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்து, தண்ணீரோடு நீட்டினார்.

"இது வாந்திக்கு. போடு. இப்போ வாந்தி எடுத்தா அது வெளியில போவும், எல்லாம் வீணாப் போ..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. தாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பின்னுக்கு இழுத்துவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"வாந்திக்கு மருந்து குடுக்கது எனக்க ஜோலியாக்கும்" என்றார் தாழ்ந்த குரலில், என்னிடமல்ல. நான் வாங்கி விழுங்கினேன்.

அதற்குப் பிந்திய நாட்கள் காத்திருப்பில் கழிந்தன. மாத்திரை எல்லா முறையும் காப்பாற்றாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டே அடிவயிற்றில் ஏதேனும் வலி தெரிகிறதா என்று உற்றுக் கேட்பேன். மாலையில் வழக்கம்போல முக்காலியில் உட்கார்வேன், இதழ்களைக் கைமாற்றிக்கொள்வோம், அந்தத் தொடர்கதைக் கணவன் திரும்பிவந்துவிட்டான், அதைப் பற்றிக்கூடப் பேசினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. தினமும் நான் நுழையும்போது அவர் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். மைனிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேலிக்கு அப்பாலிருந்து, "எதாவது விசேஷம் உண்டா?" என்று காலையும் மாலையும் கேட்பார்.

ஒரு புதன்கிழமை, மூன்றாம் பாடவேளையில், எனக்குத் தெரிந்தது. அன்று மாலை கடையில் யாரும் இல்லை. நான் உட்காராமலேயே ஒரு பொதி சானிட்டரி நாப்கின் கேட்டேன்.

அக்கா அலமாரியிலிருந்து அதை எடுத்தார். எங்கள் பக்கத்தில் எல்லாக் கடைக்காரர்களும் செய்வதைப்போல நாளிதழ்த் தாளில் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே இருந்தார்; ஒரு தாள், அதன் மேல் இன்னொன்று. இந்தப் பொதியை இத்தனை கவனமாக எவரும் கட்டியிருக்கமாட்டார்கள். கடைசியில் நூலை இழுத்து முடிச்சிட்டு, என் கையில் வைத்து, தம் இரு கைகளாலும் என் கையை மூடிக்கொண்டார்.

"நான் ஜெபிச்சதாக்கும்" என்றார்.

"என்னன்னு அக்கா?"

"நீ இருக்கணும்னு. வேற ஒண்ணும் கேக்கல்ல. வேற எதயும் கேக்க எனக்குத் தைரியம் வரல்ல."

அந்த நெகிழ்ச்சியோடு நான் போயிருக்கலாம். ஆனால் காத்திருந்த நாட்களிலெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நன்றியுணர்வால் அதை விழுங்கிவிட எனக்கு விருப்பமில்லை.

"நான் இல்லாம வேற ஒருத்தி வந்திருந்தா அக்கா? உங்களுக்குத் தெரியாத ஒருத்தி?"

அவர் என் கையை விட்டார். நூலுருண்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"நீ கேக்காண்டாம்" என்றார். "அன்னையிலேருந்து நான் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

சில மாதங்களில் கடையில் பிற்பகலுக்கென்று ஓர் இளம் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பேருந்தில் வருவாள். அவளும் மருந்தியல் படித்தவள். வருமானம் கூடிவிட்டதா என்று ஊரார் கேட்டபோது அக்கா எந்தக் காரணமும் சொல்லவில்லை. மேசையின் இடப்பக்கத்து இழுப்பறை அவளுடையது. மொத்தக் கடைக்காரனுக்கு அந்த இழுப்பறைச் சரக்கை அவளே எழுதி அனுப்புவாள். அக்கா அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. மனம் மாறிவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல மக்கா" என்றார். "எனக்க மனசு எனக்குள்ள இருக்கட்டு. வழியில குறுக்க கெடக்காண்டாம்." அது போதுமான விடையா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. அந்தப் பெண் வராத காலைகளும் இருந்தன. பேருந்து ஓடாத நாட்களும் இருந்தன. அவர் தமக்கும் பிறருக்கும் இடையே போட்டுக்கொண்ட பாலம் அவ்வளவு அகலமானதல்ல. ஆனால் அதைத் தாமே போட்டார். எவரும் கேட்காமல் போட்டார்.

ஒரு பிற்பகலில் நான் முக்காலியில் இருந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். செருப்பில் சந்தைச் சேறு. கையில் காலிப் பை. அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அக்கா தலையால் இளம் பெண்ணைக் காட்டினார். "அந்தப் பிள்ளைகிட்டக் கேளு மக்கா." இழுப்பறை திறந்து மூடியது. வந்தவள் வாங்கியதைப் பைக்குள் ஆழமாகப் போட்டு, எவரையும் பாராமல் படியிறங்கினாள்.

அக்கா எழுந்து கதவு வரை போனார்.

"எப்படிப் போவே? பஸ்ஸு உண்டா?"

அவள் திகைத்துத் திரும்பினாள். மருந்துக்கடையில் தன்னிடம் அப்படி ஒரு கேள்வி வருமென்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"உண்டு அக்கா" என்றாள். "அஞ்சாந்தேதி வரைக்கும் ஸ்ட்ரைக் ஒண்ணும் இல்லன்னு பறஞ்சாவ."

"சரி. பாத்துப் போ" என்றார் அக்கா. பேருந்து வந்து அவள் ஏறும்வரை கதவருகிலேயே நின்றிருந்தார்.